அடுப்பில்லாத மடம்

ஓய்வுபெற்ற பொறியாளர் தில்லைநாதன், தன்னைவிட இருபது வயது இளைய துறவி ஒருவரைக் குருவாக வரித்துக்கொண்டவர். அதில் அவருக்குக் கூச்சமே கிடையாது. சொந்தக்காரர்கள்தான் கேலி பேசினார்கள்.

அன்று காலை மடத்துக்கு வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது. கார்பன் புகையை எந்த நகரம் நன்றாகக் குறைத்தது என்று தீர்ப்பு எழுதும் அரசாங்கப் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருந்தது. முதலில் வரும் நகரத்துக்கு விருது. கடைசியில் வரும் நகரத்தின் செங்கல் சூளைகளுக்குப் பூட்டு.

"முதலிடம் மணிமாடநகர்தான் சாமி. அங்க ஒரு புகைபோக்கிகூட இல்ல. கடைசி, சூளைப்பட்டணம். அங்க வானமே தெரியல. ஆனா எழுதிட்டு, கையெழுத்துப் போட மனசு வரல. சூளைய நம்பி ரெண்டாயிரம் குடும்பம் இருக்கு."

"அளந்தது சரியா?"

"நானே பக்கத்துல நின்னு அளந்தேன். குண்டுமணி அளவுகூடப் பிசகாது."

குரு சிரித்தார். "அப்ப நம்ம மடத்துக்கும் ஒரு விருது குடுங்க. ஆறு மாசமா இங்க அடுப்பே பத்த வைக்கல."

தில்லைநாதன் சமையற்கட்டை எட்டிப் பார்த்தார். சுவரெல்லாம் பளிச்சென்று இருந்தது. மனிதர் அசந்துபோனார். அதற்குள் குரு ஒரு தூக்குவாளியைத் திறந்து இலை போட்டுவிட்டார். சுடச்சுட இட்லி. இருவரும் உட்கார்ந்தார்கள். வெறும் வயிற்றோடு வந்திருந்த தில்லைநாதன் ஒரு பிடி பிடித்தார்.

"தூக்கைக் கழுவி, பின்தெருவுல ராசகிளி வீட்டுல குடுத்துட்டு வாங்க."

ராசகிளி வீட்டு வாசலிலேயே புகை கண்ணைக் கரித்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி அவள் வெளியே வந்தாள்.

"மடத்துக்கும் சேத்து ஆக்குறேன்ல ஐயா, அடுப்பு அணையறதே இல்ல. தெருவையே நாறடிக்கிறேன்னு அக்கம்பக்கத்துல ஏசுறாங்க."

தில்லைநாதனுக்குச் சுருக்கென்றது. ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார்.

"சாமி, சூளையே இல்லாத மணிமாடநகர்ல போன வருஷம் மூவாயிரம் வீடு எழும்பியிருக்கு! செங்கல்லுக்குச் செங்கல் 'சூ'ன்னு முத்திரை. சூளைப்பட்டணத்துச் சரக்கு. இந்தக் கண்ணாலதான் பாத்தேன். உறைக்கவே இல்லையே எனக்கு!"

குரு இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

பையிலிருந்த தீர்ப்புத் தாளை வெளியே எடுத்து, எழுதியிருந்த இரண்டு பெயர்களையும் அடித்தார் தில்லைநாதன். பிறகு பேனாவோடு குருவிடம் திரும்பினார்.

"அப்ப அந்தப் புகைய யார் பேர்ல எழுதறது சாமி? சூளை போட்டவன் பேர்லயா, வீடு கட்டினவன் பேர்லயா?"

"நான் நாலு இட்லி சாப்பிட்டேன், தில்லை ஐயா. நீங்க எத்தனை?"