பாறைக்குழியில் ஒரு சின்னக் குளம்

மூங்கில்காட்டுக் குளம் வெயிலில் வற்றிக்கொண்டே வந்தது. அதில் மிஞ்சியது ஒரே ஓர் அயிரை மீன். பெயர் சிமிட்டி. கொக்கு ஒன்று தினமும் வந்து ஆழம் பார்த்துவிட்டுப் போனது.

"பயப்படாதே சிமிட்டி! ஆலமரத்தடிப் பாறைக்குழியில் உனக்கு ஒரு குளம் வைக்கிறேன்!" என்றது சடையன் குரங்கு.

"மீன் வளர்க்கப் போறியா? நீயா? க்ர்ர்ர்ரக்!" என்று வயிறு குலுங்கச் சிரித்தது கரகரப்பான் தவளை. யார் குரலையும் அப்படியே பேசிக்காட்டும் குறும்புக்காரத் தவளை அது.

சடையன் குழியைத் தேய்த்துக் கழுவியது. சுனைநீரை நிரப்பியது. இலைத் தொன்னையில் சிமிட்டியைக் கொண்டுவந்து விட்டது. அத்திப்பழத்தை அள்ளி அள்ளிப் போட்டது. பாறையில் பாசி துளிர்த்தால் போதும், பேன் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. குரங்குக்கு அன்பு வந்தால் கை சும்மா இருக்குமா?

போட்ட பழம் அழுகி, மூன்றாம் நாள் தண்ணீர் பால்போல் கலங்கியது. சிமிட்டி மேலே வந்து வாயைப் பிளந்தது.

"அண்ணே! மூச்சு முட்டுது! என்னைக் குளத்திலேயே விட்டுடு!"

சடையன் பதறி ஓடி, சிமிட்டியைப் பழைய குளத்தில் விட்டது. குளத்தில் முழங்கால் அளவுதான் தண்ணீர்.

"மறுபடியும் உனக்குக் குளம் வைப்பேன். என்ன தப்பு செஞ்சேன், சொல்லு!" என்றது சடையன்.

"குளத்துச் சேறு ஒரு கை, வேலம்பாசி நாலு கொத்து, நத்தை ஒண்ணு, பழைய தண்ணி பாதி. அழுக்கைத் தின்கிற பொடி உயிரெல்லாம் அதுலதான் இருக்கு. பத்து நாள் சும்மா விடு. அப்புறம் என்னைக் கூப்பிடு."

"பத்து நாளா! கொக்கு?"

"சேத்துல ஒளிஞ்சுக்கிறேன். நீ கையை அடக்கு, போதும்."

சொன்னபடியே எல்லாம் வைத்தது சடையன். பாசி வழவழவென்று படர்ந்தது. குரங்கின் விரல்கள் துடித்தன. கைகளைத் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தது!

பதினோராம் நாள் காலை. கொக்கு பழைய குளத்துச் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தது. சடையன் பாய்ந்து, அதன் அலகு எட்டுவதற்கு முன்னால் சிமிட்டியை அள்ளிக்கொண்டு ஓடியது.

பாறைக்குழித் தண்ணீரில் சிமிட்டி வாலை ஆட்டியது. "இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு! தினம் ஓர் எறும்பு தூக்குற அளவு சாப்பாடு போதும்."

மறுநாளே குழிப் பக்கமிருந்து ஒரு குரல். "சடையண்ணே! பசி உயிர் போகுது! பழம் போடு!"

சடையன் பழத்தைக் கையில் எடுத்துவிட்டது. குனிந்து பார்த்தது. சிமிட்டியோ வேலம்பாசிக்குள் சுகமாக உலாவிக்கொண்டிருந்தது. "நான் வாயே திறக்கலையே அண்ணே!"

கல்லுக்குப் பின்னால் "க்ர்ரக்" என்று ஒரு சிரிப்பு!

சடையன் பழத்தைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டது. "கூவு தம்பி, நல்லாக் கூவு! நான் அசைய மாட்டேன்!"

ஒரு வாரத்தில் மூங்கில்காட்டுக் குளம் வறண்டு வெடித்துக் கிடந்தது. கரகரப்பான் தள்ளாடி வந்தது. இந்தமுறை சொந்தக் குரல்தான்.

"அண்ணே... ஓரமா ஒரு இடம்?"

"ஈரப் பாசிமேல உட்காரு. வாயை மட்டும் மூடிக்கோ!"

மழை வந்து குளம் நிரம்பும்வரை மூவரும் அங்கேயே இருந்தார்கள்.

ஓர் உயிரை வளர்க்க நினைப்பவர், அள்ளிக் கொடுப்பதற்கு முன்னால் கையை அடக்கிக் காத்திருக்கக் கற்க வேண்டும்.