துண்டு பிடித்தவர்

வில்வக்காட்டுத் தேருக்கு வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். முன்சக்கரத்துக்குக் கட்டை போட ஒருவர்தான். உருண்டு வரும் சக்கரத்தின் முன்னால் குனிந்து, முட்டுக்கட்டையைச் செருகி, விரல் நசுங்குவதற்குள் கையை எடுத்துவிட வேண்டும். கட்டையைச் சாய்த்து வைத்தால் தேர் திரும்பும். நேராக வைத்தால் நிற்கும்.

அந்த ஒருவர் வேதாசலம். வயது முப்பத்தாறு. அவருடைய சீடர் கஜபதிக்கு நாற்பத்திரண்டு. குரு சீடரை 'அண்ணே' என்று கூப்பிடுவார், சீடர் குருவை 'வாத்தியாரே' என்பார். கேட்கிற ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருவரும் இருந்தார்கள்.

எட்டு வருஷமாகக் கஜபதிக்குப் பின்சக்கரம்தான். கை தேறிவிட்டது. பக்கத்தில் பூங்குளத்தில் புதுத் தேர் செய்திருந்தார்கள். "வந்து முன்சக்கரத்தை எடுத்துக்குங்க, எல்லாம் உங்க பொறுப்பு" என்று கோயில்காரர்கள் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தேர் முடிந்த அன்றே பதில் சொல்ல வேண்டும். போவது என்று கஜபதி முக்கால்வாசி தீர்மானித்துவிட்டார். மீதிக் கால்வாசிதான் உறுத்தியது.

தேருக்கு முதல் நாள் காலை இருவரும் அச்சுக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாத்தியாரே, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கண்ணே."

"ஒருத்தன் தொழில்ல மேல வர்றதுக்குக் குருன்னு ஒருத்தர் இருந்தே ஆகணுமா?"

"ஏன், என்ன வந்துது?"

"உங்களுக்கு யாரும் கெடயாதாமே. பழைய ஆளு படுத்துட்ட வருஷம் நீங்களா கட்டையத் தூக்கினீங்களாம், நீங்களா கத்துக்கிட்டீங்களாம். ஊரே சொல்லுது. அப்படி நீங்க வந்தப்போ, நானும் வரலாமில்ல?"

"வரலாமே."

"அப்ப குரு வேணாம்னுதானே அர்த்தம்?"

வேதாசலம் கைமசகைச் சாக்கில் துடைத்தார்.

"நாளைக்குத் தெக்கு முக்குல நீங்க துண்டு புடிங்க."

கஜபதிக்கு முகம் சுருங்கிவிட்டது. கட்டை போடுகிறவர் குனிந்தால் அவருக்குத் தெரிவது சக்கரமும் தரையும் தன் கையும்தான். தேரின் தலை எங்கே போகிறது என்று தெரியாது. அதனால் எதிரே இருபது அடி தள்ளி ஒரு ஆள் சிவப்புத் துண்டோடு நிற்பார். துண்டை எந்தப் பக்கம் வீசுகிறாரோ அந்தச் சக்கரத்துக்குக் கட்டை. இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தால் நிறுத்து. துண்டு தோளில் கிடந்தால், போடுவது சரி, அப்படியே போடு.

தேர் ஓட்டுகிற ஊரில் இதை ஒரு வேலை என்று யாரும் சொல்வதில்லை. போன வருஷம் பூக்கடைக்காரரின் மச்சான் பிடித்தார்.

"துண்டா? நானா?"

"ஆமாண்ணே. பின்சக்கரத்துக்கு வேற ஆளு சொல்லிட்டேன்."

பூங்குளத்து விஷயம் காதுக்கு எட்டியிருக்கும், அதுதான் பழிவாங்குகிறார் என்று கஜபதி நினைத்தார். எட்டு வருஷம் காய்த்துப்போன கையைப் பார்த்தபோது அவருக்கு அழுகையே வந்தது. போகிறது, நாளை ஒரு நாள், சாயங்காலமே பூங்குளத்துக்குச் சரி என்று சொல்லிவிடுவது. அந்தக் கால்வாசியும் அங்கேயே தீர்மானமாகிவிட்டது.

மறுநாள் பத்து மணிக்குத் தேர் தெற்கு முக்குக்கு வந்தது.

அந்த முக்கில் இந்த வருஷம் இரண்டு புதுமை. தெருவுக்குப் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். போட்டவர்கள் இடது ஓரத்தைத் தாழ்த்திவிட்டார்கள். அந்த ஓரத்திலேயே பாத்திரக்கடை முதலாளி மாடியில் தெருவுக்கு நீட்டி ஒரு பால்கனி கட்டியிருந்தார். அதில் பெண்களும் குழந்தைகளுமாகப் பதினைந்து பேர் சாமி பார்க்க நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

வேதாசலம் குனிந்து முதல் கட்டையைச் சாய்த்துப் போட்டார். தேர் முனகிக்கொண்டே திரும்பியது.

எதிரே நின்ற கஜபதி அண்ணாந்து பார்த்தார். சக்கரம் தாழ்ந்த ஓரத்தில் இறங்க, தேரின் மேல்தட்டு இடப்பக்கம் சாய்ந்தது. பால்கனிக்கும் அதற்கும் பத்தடி இடைவெளி. அது குறைந்துகொண்டே வந்தது.

வாத்தியாருக்குத் தெரியாததா என்று நினைத்தார். இருபது வருஷம் கட்டை போட்டவருக்குத் துண்டு பிடிக்க வந்தவனா சொல்வது? சொல்லி, அது தப்பாகவும் போனால் ஊர் சிரிக்காதா?

வேதாசலம் ஒரு தரம் நிமிர்ந்து துண்டைப் பார்த்தார். துண்டு தோளில் கிடந்தது. குனிந்து இரண்டாவது கட்டையையும் அதே போலப் போட்டார்.

இடைவெளி மூன்றடி ஆயிற்று. பால்கனியில் ஒரு குழந்தை தேர்ச்சீலையைத் தொட்டுப் பார்க்க ஆசையாகக் கையை நீட்டியது.

கஜபதி இரண்டு கையாலும் துண்டைத் தூக்கிப் பிடித்தார். வேதாசலம் மூன்றாவது கட்டையோடு குனிந்திருந்தார், பார்க்கவில்லை.

"டேய் வேதாசலம்! நேராப் போடுடா! நிறுத்துடா தேர!"

மேளத்தையும் மீறி அந்தக் குரல் தெருவெங்கும் கேட்டது. வேதாசலம் யார் கத்தியது என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. கையிலிருந்த கட்டையை அப்படியே நேராகத் திருப்பி அடித்தார். சக்கரம் ஏறி, நடுங்கி, நின்றது. தேர்ச்சீலைக்கு வெளியே நீட்டியிருந்த ஒரு மூங்கில் முனை பால்கனியின் சுண்ணாம்பைப் பெயர்த்துவிட்டு ஒட்டிக்கொண்டு நின்றது. மேல்தட்டுக்கும் சுவருக்கும் ஒரு சாண்தான் இருந்தது. குழந்தையை யாரோ பின்னால் இழுத்துவிட்டார்கள்.

பால்கனியைக் காலி செய்து, தேரைப் பின்னால் இழுத்து, மறுபடி திருப்ப ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்த ஒன்றரை மணி நேரமும் கஜபதியின் துண்டு தோளுக்குத் திரும்பவில்லை. வேதாசலம் அது காட்டிய பக்கமெல்லாம் கட்டை போட்டார்.

தேர் நிலைக்கு வந்ததும் தர்மகர்த்தா கஜபதியைப் பிடித்துக்கொண்டார்.

"தொழில் சொல்லிக் குடுத்தவர டேய்னா கூப்பிடுவ? ஜனம் மொத்தமும் பாக்குது. வாய் எப்படிய்யா வந்துது உனக்கு?"

கஜபதி வேதாசலத்தின் காலில் விழப்போனார். வேதாசலம் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"பெரியவரு, என் கால்ல விழாதீங்க."

"மன்னிச்சிடுங்க வாத்தியாரே. டேய்னு சொல்லிட்டேன்."

"அது நல்லாக் காதுல விழுந்துது. 'வாத்தியாரே, கொஞ்சம் பாருங்க'ன்னு ஆரம்பிச்சிருந்தீங்கன்னா இந்நேரம் பால்கனி தரையில கெடக்கும்." தர்மகர்த்தாவைத் திரும்பிப் பார்த்தார். "அவர ஒண்ணும் சொல்லாதீங்கய்யா."

தர்மகர்த்தா முணுமுணுத்துக்கொண்டே போனார். இருவரும் தனியே நின்றார்கள்.

"ரெண்டாவது கட்டைக்கு முன்னாடி நிமிந்து பாத்தனே. தேரு சாயறது அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுதா அண்ணே?"

"தெரிஞ்சுது."

"துண்டு தோள்ல இருந்துதே."

"உங்களுக்குத் தெரியாததான்னு இருந்துட்டேன்."

வேதாசலம் முட்டுக்கட்டையில் ஒட்டியிருந்த தாரைச் சுரண்டினார். 

"பூங்குளத்துல என்னைத் தனியாக் கூப்பிடறாங்க. போறதுன்னு நேத்தே முடிவு பண்ணிட்டேன். ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல, சொல்லிடறேன்."

"தெரியும்."

"போகட்டுமா?"

"போங்கண்ணே. கை நல்லாத் தேறிடுச்சு. எப்பவோ போயிருக்கணும்."

கஜபதி அங்கிருந்து நகரவில்லை. போகச் சொல்லியாகிவிட்டது, கேட்டது இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"நேத்து நான் கேட்டதுக்குப் பதில் வரலியே. உங்களுக்குன்னு ஒரு குரு இல்லவே இல்லையா?"

"இருந்தாரே. இன்னைக்கு வந்தாரு."

"யாரு?"

"நீங்கதான். ஒரு கட்டை லேட்டா வந்தீங்க."

கஜபதி தலையைக் குனிந்துகொண்டார். வேதாசலம் அவர் தோளிலிருந்த சிவப்புத் துண்டை எடுத்து, உதறி, மடித்து, தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"பூங்குளத்துல நான் புடிக்கிறேன். லேட் பண்ண மாட்டேன்."