ஒரு கட்டை ஏறிய பாட்டு

சாத்தூர் பொருட்காட்சித் திடலில் நிற்க இடமில்லை. பாடகர் ரத்னசபாபதியின் பிரபலமான பாட்டில், கடைசிச் சரணத்தில் சுருதி திடீரென்று ஒரு கட்டை மேலே ஏறும். அதற்காகவே ஜனம் காத்திருந்தது. அவருக்கோ அன்று தொண்டை கட்டியிருந்தது.

கீபோர்டு வாசிக்கும் சகாயராணியைக் கூப்பிட்டார். "பாட்டு ஏறணும், ஆனா நான் ஏற மாட்டேன். சொதப்பினா நாளைக்கு நீ குழுவுல இல்ல!"

"ஆகட்டும் சார்" என்றாள் அவள். பாட்டையே ஒரு கட்டை கீழே இறக்கித் தொடங்கினாள். தொண்டைக்கு இதமாக இருந்ததால் அவர் ஏனென்று கேட்கவில்லை. கடைசிச் சரணத்தில் அவள் விரல்கள் தாவின. பாட்டு ஜிவ்வென்று எழும்பி அவர் வழக்கமாகத் தொடங்கும் சுருதியில் வந்து நின்றது. திடலே எழுந்து விசிலடித்தது!

ரத்னசபாபதிக்குத் தலைகால் புரியவில்லை. "இந்த உயரத்துக்கு வேற எவன் ஏறுவான்?" என்று மைக்கில் முழங்கினார்.

"இன்னொரு கட்டை! இன்னொரு கட்டை!" என்று கத்தியது கூட்டம்.

அவர் முகம் வெளுத்தது. கையில் மைக் இருப்பதையே மறந்து, "ராணி, இன்னும் ஏத்த முடியுமாம்மா?" என்று அவளிடம் கெஞ்சினார்.

சகாயராணி மைக்கைப் பார்த்தே பதில் சொன்னாள். "தாராளமா சார்! முன்ன மாதிரியே முதல்ல கீழ இறக்கிக்கலாம்!"

ஸ்பீக்கர் அத்தனையிலும் அது கேட்டது. திடல் சிரிப்பில் குலுங்கியது, கைதட்டல் முழுக்க அவளுக்கே. அதன்பிறகு அவள் இல்லாமல் ரத்னசபாபதி மேடை ஏறியதே இல்லை.