தூணிடம் சொன்னது

ஆற்றங்கரைக் குடிலில் குருவம்மா கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். வேணி வந்து அடுப்புக்கு அருகில் பொத்தென்று உட்கார்ந்தாள். குருவம்மா அவளைவிட வயதில் இளையவர். ஆனாலும் அங்கே பாடம் கேட்க வருகிறவர்களுக்கெல்லாம் அவர் குருவம்மாதான்.

"மக குமுதா எப்படி இருக்கா?"

"பிழைச்சுட்டா. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா நான் கையை விரிச்சிருப்பேன்னு வைத்தியர் சொல்லிட்டார்."

வேணி முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு அதைக் கீழே விட்டாள்.

"தேள் கொட்டியிருக்கு, குருவம்மா. சின்னப் பிள்ளை. வீடே அதிரக் கத்த வேண்டாமா? நான் பக்கத்துலதான் அரிசி புடைச்சுக்கிட்டு இருக்கேன். அவ நடுவீட்டுத் தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, 'தூணே, என்னைத் தேள் கொட்டிடுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லு. ரொம்ப வலிக்குது'ங்கிறா."

"உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. தூணோட விளையாடுறான்னு நினைச்சேன். புடைச்சு முடிச்சுத் திரும்பிப் பார்த்தா, வாயில நுரை."

குருவம்மா கஞ்சியைக் கிண்டினார்.

"இப்பவும் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை வரல. தண்ணி வேணும்னாலும் சுவரைப் பார்த்துத்தான் சொல்றா. காத்து கருப்பு எதுவும் அண்டியிருக்குமோ? அவ வாயைத் திறக்கிற மாதிரி ஒரு மந்திரம் சொல்லுங்க. நாளைக்கு இதைவிடப் பெரிசா ஒண்ணு நடந்தா, அதையும் தூண்கிட்டதான் சொல்வாளா?"

ஆற்றுக் காற்று வீசியது. குருவம்மா கஞ்சிப் பானையைப் பார்த்து மெல்லச் சொன்னார்.

"பானையே, அவ முந்தானை அடுப்புப் பக்கம் போகுதுன்னு சொல்லு."

வேணி மூக்கைச் சிந்தினாள். "அவங்க அப்பா வழியில யாருக்கோ இப்படித்தான் இருந்துச்சாம். அந்த ரத்தம்தான் இதுவோ என்னவோ..."

"பானையே, தீப் பிடிச்சிடுச்சுன்னு சொல்லு."

"...கோயில்ல மந்திரிச்சு முடிகயிறு கட்டலாம்னு ஒரு யோசனை..."

துணி கருகும் வாடை வந்தது. யாருடைய துணி என்று அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். தொடையில் சுட்டது. அலறிக்கொண்டு எழுந்தாள்.

சொம்புத் தண்ணீர் சரியாக முந்தானையில் வந்து விழுந்தது. சொம்பு முதலிலிருந்தே குருவம்மாவின் கையில்தான் இருந்திருக்கிறது.

"எரிஞ்சே போயிருப்பேனே! எதிர்லதானே உட்கார்ந்திருக்கேன்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே."

"எங்க சொன்னீங்க? பானைகிட்டதானே சொன்னீங்க! நீங்க ஏதோ விளையாட்டா..."

ஈர முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"உன் வீட்டுத் தூணோட முதல்ல பேசினது யாரு?" என்று குருவம்மா கேட்டார்.

வேணி ஈர முந்தானையைப் பிழிந்தாள்.

"என் தம்பி கல்யாணத்துல முதல் பந்தியில என் வீட்டுக்காரருக்கு இலை போடலைன்னு பாதியில எழுந்து வந்துட்டார். சபையில எனக்குத் தலைகுனிவு. அன்னிலேர்ந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. குமுதா அப்போ கைக்குழந்தை. ஒரே வீடு, சொல்லாம இருக்க முடியுமா? 'தூணே, சோறு ஆறுதுன்னு சொல்லு'ம்பேன். 'தூணே, எனக்குப் பசியில்லைன்னு சொல்லு'ம்பார்."

"பாவம் அந்தத் தூண். கூரையையும் தாங்கி, உங்க ரெண்டு பேரையும் தாங்குது."

வேணிக்குச் சிரிப்பு வரவில்லை.

"பிள்ளை வாயில நுரை தள்ளினப்போ அவர் எங்கே?"

"உள்ளேதான். ஏர்க்கயிறு திரிச்சுக்கிட்டு இருந்தார்."

"எப்படிக் கூப்பிட்டே?"

வேணி வாய் திறந்தாள். உடனே இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு நடுவே சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"'தூணே... பிள்ளையைத் தூக்கச் சொல்லு'ன்னேன்."

"அவர்?"

"தூக்கிட்டு ஓடினார். ஓடும்போதும் வாசல் நிலையைப் பார்த்து, 'வைத்தியர் வீட்டுக்குப் போறேன்னு சொல்லு'ன்னார். பிள்ளை... அவர் தோள்ல கண்ணைத் திறந்துதான் வச்சிருந்தா, குருவம்மா. பார்த்துக்கிட்டே போனா."

அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தது. குருவம்மா விறகைப் பின்னுக்கு இழுத்தார்.

வேணி கேட்டாள். "இப்போ வீட்டுக்குப் போய் குமுதாகிட்ட நான் என்ன பேசட்டும்?"

"அவகிட்ட ஒண்ணும் பேசாதே. அவ காதுல விழற மாதிரி, அவ அப்பாகிட்ட பேசு."