மருதன் என்ற பெயர்

முன்னொரு காலத்தில் மருதவேந்தன் என்றொரு ராஜா இருந்தான். ஒருநாள் அவன் பல்லக்கில் கண்ணயர்ந்து போய்க்கொண்டிருந்தபோது, தெருவோரத்தில் ஒருத்தி உரக்கக் கத்தினாள்: "அடேய் மருதா, சாணியில படுக்காதே, எந்திரிடா!"

ராஜா பதறி எழுந்து உட்கார்ந்தான். கூடவே ஒரு கன்றுக்குட்டியும் எழுந்தது. பல்லக்குத் தூக்கிகள் சிரிப்பை அடக்கினார்கள், பல்லக்கு குலுங்கியது.

அன்றே ஆணை பிறந்தது. ராஜாவின் பெயரைப் போல ஒலிக்கும் பெயர் நாட்டில் யாருக்கும், எதற்கும் இருக்கக்கூடாது. கல்லில் வெட்டியிருந்தாலும் கொத்தி எடுத்துவிட வேண்டும். மருதேரி வெறும் ஏரியாயிற்று. குயத்தி மருதிக்கு எந்தப் பெயருக்குத் திரும்புவதென்று தெரியவில்லை. கன்றுக்குட்டியோ எப்படிக் கூப்பிட்டாலும் வர மறுத்தது.

ஊர் சிரித்தது. விகடகவி சாத்தையன் சிரிக்கவில்லை. அவனுடைய ஒரே மகன் பெயர் மருதன். ராஜாவின் போரில் செத்தவன். உடல் வீடு வந்து சேரவில்லை. ஊர் எல்லையில் நட்ட கல்லும் அதில் வெட்டிய பெயரும்தான் மிச்சம். நாள்தோறும் சாத்தையன் அங்கே போய், ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வருவான்.

சாத்தையன் மீது பொறாமை கொண்ட அமைச்சர் நாரணதேவருக்கு இது தெரியும். சபையில் எழுந்தார்.

"மகாராஜா, எல்லையில் ஒரு கல் பாக்கியிருக்கிறது. நம் விகடகவியின் புதல்வனுடையது. அந்த வேலையை அவரிடமே கொடுக்கலாம். சிரிக்கச் சிரிக்கச் செய்துமுடிப்பார்."

ராஜா உளியைக் கொடுக்கச் சொன்னான். சாத்தையன் கெஞ்சத்தான் நினைத்தான், ஆனால் உளியை வாங்கிக்கொண்டான்.

"எந்தக் கல்லையும் விடக்கூடாது, அப்படித்தானே மகாராஜா?"

"எதையும் விடாதே."

"மூத்த கல்லிலிருந்து தொடங்கட்டுமா?"

"எங்கிருந்தாவது தொடங்கு, போ."

சற்று நேரத்தில் கோட்டைக்குள்ளேயே உளிச்சத்தம் கேட்டது. காவலன் ஓடிவந்தான். "மகாராஜா! பெரிய மகாராஜா சமாதியில உட்கார்ந்துக்கிட்டு கொத்துறாருங்க!"

ராஜா வெறுங்காலோடு ஓடினான். "அடப் பாவி! அது என் பாட்டனார் கல்!"

"மருதவேந்தன் என்றிருக்கிறதே, பிரபு. மற்றவை தங்கள் பெயரைப் போல ஒலித்தன. இது தங்கள் பெயராகவே ஒலிக்கிறது."

"பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கமடா, மூடனே!"

"ஏரி வெட்டித் தந்தவர் பெயரென்றுதான் ஊராரும் வைத்தார்கள். ஏரிக்கு வைத்தார்கள், பிள்ளைக்கு வைத்தார்கள், கன்றுக்கும் வைத்தார்கள். இதை முடித்துவிட்டு என் மகனிடம் போகிறேன். அமைச்சர் சற்றுக் கல்லைப் பிடித்துக்கொண்டால் நல்லது."

நாரணதேவர் பின்னால் நகர்ந்தார். ராஜா குனிந்து பார்த்தான். கல்லில் ஒரு கீறல்கூட இல்லை. சாத்தையன் அதுவரை வெறுந்தரையைத்தான் தட்டிக்கொண்டிருந்தான்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆணையை அங்கேயே ரத்து செய்தான். தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தையன் கழுத்தில் போட்டான். மருதேரிக் கரைக்கல்லில் பெயரை மறுபடி வெட்டும் வேலை நாரணதேவருக்குக் கிடைத்தது.

ராஜாவின் சிரிப்பு ஓயுமுன்னே சாத்தையன் எல்லைக்கு வந்துவிட்டான். மாலையைக் கழற்றிக் கல்லுக்குப் போட்டான். அங்கே ஒருநாளும் வாய் திறக்காதவன் அன்று திறந்தான்.

"மருதா."

மேய்ச்சல் வெளியிலிருந்து கன்றுக்குட்டி துள்ளி ஓடிவந்து அவன் கையை நக்கியது.