முதல் கரண்டிப் பச்சடி

சித்திரை முதல் நாளன்று உலகம்மையின் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருஷத்துக்கு எல்லாரையும் விடப் பெரிய தீர்மானம் எடுத்தவருக்குத்தான் மாங்காய்ப் பச்சடியின் முதல் கரண்டி. அதை விழுங்கிவிட்டால் தீர்மானம் வருஷம் முழுக்க நிற்கும் என்று நம்பிக்கை. பச்சடியில் ஒரு துளி வீணாகக் கூடாது என்பது இன்னொரு நம்பிக்கை. வீணானால் மடத்துக்கே வருஷம் சரியாக அமையாதாம். இதையெல்லாம் யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. பச்சடி நன்றாக இருந்ததால் யாரும் கேட்டதும் இல்லை.

பொதிகை மலை அடிவாரத்தில் இருந்தது மடம். அம்மைக்கு நாற்பது வயது. அவருடைய சீடர்களில் மூத்தவரான வைரவநாதனுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆயுசெல்லாம் கோர்ட்டில் வாதாடியவர். நாக்குக்கு ஓய்வு கொடுக்கத்தான் மடத்துக்கு வந்தார். நாக்கு ஒத்துழைக்கவில்லை. எல்லாரும் அவரை வக்கீலய்யா என்றே கூப்பிட்டார்கள், அம்மை உட்பட.

வருஷப் பிறப்புக்கு முந்தின நாள் அவர் அம்மையிடம் வந்தார்.

"அம்மை, நாளையிலேருந்து ஒரு வருஷம் மௌன விரதம் இருக்கப்போறேன்."

"யாரு, நீங்களா?"

"சிரிக்காதீங்க. சைகை கிடையாது. எழுதிக் காட்டுறது கிடையாது. தலையைக்கூட ஆட்டமாட்டேன்."

"எதுக்கு இவ்வளவு பெரிய தண்டனை?"

வக்கீலய்யா தலையைக் குனிந்துகொண்டார். "ஆவுடையப்பன் போறாராமே" என்றார்.

ஆவுடையப்பன் மடத்துச் சமையல்காரர். பரிமாறிவிட்டுப் போகிற ஆள் இல்லை. ஒவ்வொரு இலைக்கு முன்னாலும் நின்று, "எப்படி இருக்கு?" என்று கேட்பார். பதில் வாங்காமல் நகரமாட்டார். தைப்பூசத்தன்று ஊரே பந்தியில் உட்கார்ந்திருந்தபோது வக்கீலய்யாவிடமும் அப்படித்தான் கேட்டார்.

"இதை ரசம்னு சொன்னா, ரசம் உம்ம மேல மானநஷ்ட வழக்குப் போடும் ஓய்" என்றார் வக்கீலய்யா.

பந்தி விழுந்து விழுந்து சிரித்தது. ஆவுடையப்பனும் சிரித்தார். ஆனால் அன்றோடு அடுக்களையை விட்டு வெளியே வருவதை நிறுத்திவிட்டார். வேறு ஆட்கள் பரிமாறினார்கள். எப்படி இருக்கு என்று யாரும் கேட்கவில்லை. சாப்பாடு அதேதான், இருந்தும் பந்தியில் என்னவோ குறைந்துபோயிற்று. வருஷப் பிறப்புச் சாப்பாட்டை முடித்துக் கொடுத்துவிட்டு அம்பாசமுத்திரத்தில் தங்கை வீட்டோடு போய்விடுவதாக அம்மையிடம் சொல்லி, மூட்டையும் கட்டி வைத்துவிட்டார்.

"நான் பேசினதாலதானே அவர் போறாரு? அதான் இனிமே பேசவே போறதில்லே" என்றார் வக்கீலய்யா.

"அவர்கிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

"என்னத்தைச் சொல்ல? நான் ஒரு வருஷம் வாயைக் கட்டிக்கிட்டா அவருக்கே புரிஞ்சிராதா?"

அம்மை அடுக்களைப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"பெரிய தீர்மானம்தான். முதல் கரண்டி உங்களுக்குத்தான். ஆனா ஆவுடையப்பன் கையாலதான் வாங்கணும்."

மறுநாள் காலை, வெல்லப்பாகில் மாங்காய் வேகிற வாசனை கூடம் வரைக்கும் வந்தது. எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து தீர்மானங்களைச் சொன்னார்கள். ஒருவர் வெற்றிலை போடுவதை விடப்போவதாகச் சொன்னார். வாயில் வெற்றிலை இருந்ததால் பாதிதான் புரிந்தது. இளைய சீடப்பெண் மணிமேகலை இனிமேல் விடியுமுன் எழுந்து நடக்கப்போவதாகச் சொன்னாள். அன்று கடைசியாக எழுந்து வந்தவள் அவள்தான். வக்கீலய்யா, பேசாமலிருப்பதன் பெருமையைப் பற்றி வெகுநேரம் பேசினார்.

அடுக்களைக்குள் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்த ஆவுடையப்பன் காதில் இது எதுவும் விழவில்லை. போகிற அன்றாவது உங்கள் கையால் பரிமாறுங்கள் என்று அம்மை கேட்டிருந்ததால் அவரே பச்சடி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"முதல் கரண்டி வக்கீலய்யாவுக்கு" என்றார் அம்மை.

ஆவுடையப்பன் அவர் முன்னால் போய் நின்று தொன்னையில் ஒரு கரண்டி ஊற்றினார். வக்கீலய்யா மனசுக்குள் விரதத்தை நினைத்துக்கொண்டு வாயில் போட்டார்.

முதலில் வெல்லம் வந்தது. பின்னாலேயே மாங்காய்ப் புளிப்பு. நெய்யில் பொரித்த வேப்பம்பூ கசப்பாக நொறுங்கியது. இதெல்லாம் அடங்கினபிறகு, நிதானமாக மிளகாய் உறைத்தது. வக்கீலய்யாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அப்படி ஒரு பச்சடியை அவர் அதுவரை தின்றதில்லை.

விழுங்கினார். விரதம் தொடங்கிவிட்டது.

ஆவுடையப்பன் நகரவில்லை. தைப்பூசத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கேட்டார்.

"எப்படி இருக்குய்யா?"

வக்கீலய்யா நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலை அசையவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"புளிப்பு தூக்கலோ?"

பதில் இல்லை.

மணிமேகலை விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தாள். அம்மை அவள் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

ஆவுடையப்பன் முகம் சிறுத்துப்போயிற்று. "சரிதான்" என்றார் மெதுவாக. "சொல்லுறதுக்குக்கூட லாயக்கில்லாம ஆயிட்டுது போல. நல்ல நாளும் அதுவுமா எல்லாரும் எதுக்கு முகத்தைச் சுளிக்கணும்? இதைக் கொட்டிட்டு வேற செய்யச் சொல்லுறேன்."

வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தார்.

அம்மை கண்களை மூடிக்கொண்டிருந்தார். வக்கீலய்யா முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. உதடுகளை இறுக்கிக் கடித்துக்கொண்டார். கொல்லைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"ஓய், நில்லும்! கொட்டாதேயும்!"

மடமே அதிர்ந்தது. வக்கீலய்யா எழுந்து ஓடினார். வேட்டி ஒரு பக்கம் அவிழ, அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டே ஓடி, வாழைமரத்தடியில் சாயவிருந்த வாளியை மறு கையால் பிடித்துவிட்டார்.

"நல்லாருக்கு ஓய்! அமிர்தமா இருக்கு! பிறந்ததுலேருந்து இப்படி ஒரு பச்சடியை நான் தின்னதில்லே!"

ஆவுடையப்பன் வாளியை நிமிர்த்திப் பிடித்தார்.

வாய் திறந்த பிறகு வக்கீலய்யாவால் நிறுத்த முடியவில்லை. "அன்னைக்கு ரசமும் நல்லாத்தான் இருந்துச்சு. நாலு பேரு சிரிக்கணும்னு உம்மைப் பலி கொடுத்துட்டேன். தப்புதான். என்னை மன்னிச்சிரும்."

"ரசமும் நல்லா இருந்துச்சா?"

"சத்தியமா. ரெண்டு தம்ளர் குடிச்சேனே!"

"மூணுய்யா" என்றார் ஆவுடையப்பன். "நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

முதலில் அவர்தான் சிரித்தார். பிறகு வக்கீலய்யா. கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தவர்களும் சேர்ந்துகொள்ள, மரத்திலிருந்த காக்கைகள் பறந்துபோயின.

பச்சடி வாளி திரும்பிக் கூடத்துக்கு வந்தது. ஆவுடையப்பன் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, "எப்படி இருக்கு?" என்று கேட்டு, பதில் வாங்கிக்கொண்டு நகர்ந்தார். கொஞ்ச நேரத்தில் வாளி காலி. அடுக்களைக்குத் திரும்பும்போது வக்கீலய்யா பக்கம் குனிந்து, "நாளைக்குத் தக்காளி ரசமா, மிளகு ரசமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"மிளகு" என்றார் வக்கீலய்யா. சொன்ன பிறகுதான் விரதம் நினைவுக்கு வந்தது. மெல்ல எழுந்துபோய் அம்மை பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முதல் கரண்டியும் வீணாப்போச்சு அம்மை. ஊரைக் கூட்டிச் சொன்ன விரதம், ஒரு பச்சடி செரிக்கிற நேரம்கூட நிக்கலை. உங்களுக்கு அப்பவே தெரியும், இல்லையா? இந்த ஆளால பேசாம இருக்க முடியாதுன்னு."

அம்மை தொன்னையை வழித்து நக்கிவிட்டு, அதைக் கீழே வைத்தார்.

"உங்க பிடிவாதத்துக்கு நீங்க ரெண்டு வருஷம்கூடப் பேசாம இருந்துருவீங்க, வக்கீலய்யா. தப்புதான்ங்கிற அந்த ஒரு வார்த்தையை அவர்கிட்டச் சொல்லுவீங்களான்னுதான் எனக்குப் பயமா இருந்துச்சு."