பூவலிங்கம் காரில் போன கல்யாணம்

மந்தாரங்குளத்துக்காரர்களுக்குப் புத்தி இல்லை என்று சொல்கிறவர்கள் யாரும் அந்த ஊருக்கு வந்து பார்த்தவர்கள் இல்லை. வந்து பார்த்தவர்கள் எதுவும் சொல்வதில்லை. ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள்.

அந்த ஊர் பூவலிங்கத்துக்கு, ஒரு மைல் தள்ளி இருக்கிற ஊரில் ரைஸ் மில் முதலாளி மகளைப் பேசி முடித்திருந்தது. எப்படிப் பொண்ணு கொடுத்தார்கள் என்று கேட்கக் கூடாது. பொண்ணு பார்த்த அன்றைக்கு அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது, அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் முதலாளி தன்னுடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை டிரைவரிடம் கொடுத்து அனுப்பினார். ரெண்டே சீட்டு. தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. கூடவே ஒரு சேதி. "மாப்பிள்ளை இந்தக் கார்லதான் வந்து மண்டபத்துல இறங்கணும். நடந்து கிடந்து வந்தார்னா பொண்ணு கிடையாது. நாலு பேர் முன்னால எனக்கு ஒரு கௌரவம் இருக்கு." டிரைவர் சேதியைச் சொல்லி, சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பூவலிங்கம் டிராக்டர் ஓட்டினவன். காரைத் திருப்பி நிறுத்தி வைக்கலாம் என்று ஏறி உட்கார்ந்தான். "ஏலே சப்பாணிமுத்து, நான் பின்னால எடுக்கேன். நீ அங்க நின்னு வரட்டும் வரட்டும்னு சொல்லு" என்று கூட்டாளியிடம் சொன்னான்.

சப்பாணிமுத்து சொன்னான். கார் புளியமரத்தில் இடித்த பிறகும் ரெண்டு தடவை சொன்னான்.

"மரம் இருக்குன்னு சொல்லப்படாதாலே?"

"நீ வரட்டும்னுதான சொல்லச் சொன்ன. அந்த மரம் அறுவது வருசமா அங்கதான் நிக்கி. அதை வேற நான் சொல்லணுமாக்கும்."

பின் பம்பர் நடுவில் நெளிந்து, ஒரு சிவப்பு விளக்கு உடைந்திருந்தது. அவ்வளவுதான் சேதம். ஆனால் பூவலிங்கம் கணக்குப் போட்டுப் பார்த்தான். கார் இல்லை என்றால் பொண்ணு இல்லை. இதைச் சரி பண்ண முடியுமா, இல்லை தலை முழுக வேண்டியதுதானா என்று கேட்டு டவுன் மெக்கானிக் அருளப்பனுக்குப் போன் போட்டான்.

அவர் வேலை நெருக்கடியில் இருந்தார். "பாக்காம நான் என்னத்தைச் சொல்ல? கெட்டுப்போனதை ஒரு பக்கம் வைங்க, நல்லா இருக்கதை ஒரு பக்கம் வைங்க. எது ஜாஸ்தின்னு பாத்துட்டுக் கூப்பிடுங்க."

இத்தனை தெளிவாக அந்த ஊருக்கு யாரும் யோசனை சொன்னதில்லை. சைக்கிள் கடை பலவேசம் ஸ்பானர் பையோடு வந்தான். மரத்துக்குக் கிழக்கே நல்லது, மேற்கே கெட்டது என்று கோடு கிழித்துக்கொண்டு ஊரே வேலையில் இறங்கியது.

முன் மூடியைத் திறந்தார்கள். காலியாக இருந்தது. "இஞ்சினைக் காணோம்" என்றான் பலவேசம், இழவுச் சேதி சொல்கிற மாதிரி. பின் மூடியைத் திறந்தால் இஞ்சின் அங்கே இருந்தது.

"இங்க எப்படி வந்துச்சு?"

"இடிச்ச சத்தம் கேட்டு, என்னன்னு பாக்க வந்திருக்கும்."

"இடத்தை விட்டு எந்திரிச்சு வந்தது எதுல சேத்தி? நல்லதுலயா, கெட்டதுலயா?"

ஊர் நாட்டாமை கொம்பையா கண்ணை மூடி யோசித்தார். "பக்கத்து வீட்டுல பாத்திரம் விழுந்தா நாமளும்தான் எந்திரிச்சுப் போறோம். அதுக்காக நம்மளைக் கெட்டவன்னா சொல்லுதாங்க? கிழக்கே வைங்க."

கழற்றின ஹாரனை அமுக்கிப் பார்த்தார்கள். சத்தம் வரவில்லை.

"அடியும் படலை, வாயும் திறக்கலை."

"பயந்திருக்கு. துன்னூறு பூசிக் கிழக்கே வை."

பம்பரில்தான் பெரிய வழக்கு வந்தது. நடுவில் மட்டும் நெளிவு, ரெண்டு ஓரமும் கண்ணாடி மாதிரி மின்னியது. ஓரம் என்ன பாவம் பண்ணியது என்று கொம்பையா கேட்டார். ரம்பத்தால் அறுத்து, ஓரங்களுக்கு நியாயம் வழங்கப்பட்டது.

சாயங்காலம் கிழக்கே வைக்கோல் போர் மாதிரி குவிந்திருந்தது. மேற்கே ஒரு துண்டுப் பம்பரும் ஒரு கை கண்ணாடித் தூளும் கிடந்தன. பூவலிங்கத்துக்குப் போன உயிர் வந்தது. மறுபடி போன் போட்டான்.

"அண்ணாச்சி, நல்லதுதான் ஜாஸ்தி. கெட்டதை ஒரு முறத்துல அள்ளிரலாம்."

"அப்புறம் என்னடே? ரிப்பேரைக் கல்யாணம் முடிஞ்சு பாத்துக்கிடலாம். இப்ப இருக்கபடியே கொண்டு போங்க."

மறுநாள் காலையில் இருக்கபடியே கொண்டு போனார்கள்.

கோயில் சப்பரம் தூக்குகிற ஆட்கள் இருந்ததால் தோளுக்குப் பஞ்சம் இல்லை. முன்னால் ரெண்டு பேர் ஆளுக்கொரு விளக்கு ஏந்திப் போனார்கள். நாலு மூலைக்கு நாலு பேர் சக்கரம் உருட்டினார்கள். நடுவில் நாலு பேர் தோளில் சீட்டு. சீட்டில் பட்டு வேட்டியோடு பூவலிங்கம், கையில் ஸ்டியரிங். அவன் இடது பக்கம் ஒடித்தால் ஊரே இடது பக்கம் திரும்பியது. ரெண்டு பக்கமும் கதவைப் பிடித்தபடி ரெண்டு பேர். இஞ்சினையும் மிச்சக் கூட்டையும் சப்பரக் கம்பில் கட்டிப் பின்னால் தூக்கி வந்தார்கள். ஹாரனுக்கு இன்னும் பயம் தெளியாததால் பலவேசம் வாயால் அடித்தான். கடைசி ஆளாகச் சப்பாணிமுத்து.

இப்படி ஒரு சுகம் தெரியாமல் இத்தனை வருசம் டிராக்டர் ஓட்டியிருக்கிறோமே என்று பூவலிங்கம் நினைத்துக்கொண்டான்.

மண்டப வாசலில் முதலாளி மாலையோடு நின்றார். கார்க் கதவைப் பிடித்து வந்தவன் அதைத் திறக்கப் போன நேரத்தில் வாட்ச்மேன் தலையை நிமிர்த்தாமலே விசில் அடித்தார். "வாசலை மறிக்காதீங்க. கொஞ்சம் பின்னால எடுங்க."

பூவலிங்கம் ரிவர்ஸ் போட்டான். அத்தனை பேரும் பின்னால் நடந்தார்கள்.

"வரட்டும், வரட்டும்" என்றான் சப்பாணிமுத்து.

மண்டபம் சின்னதாகிக்கொண்டே போனது. மேளச் சத்தம் தேய்ந்தது. குதித்து மண்டபத்துக்கு ஓடிவிடலாம்தான். ஆனால் நடந்து போனால் பொண்ணு கிடையாதே. பூவலிங்கம் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஒரு மைலும் அப்படியே வந்து, சப்பாணிமுத்துவின் பின்மண்டை அதே புளியமரத்தில் இடித்தபோதுதான் கார் நின்றது.

பின்னாலேயே மாலையோடு முதலாளி, தாலித் தட்டோடு ஐயர், மேளத்தைத் தூக்கிக்கொண்டு மேளக்காரர்கள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பொண்ணு, எல்லாரும் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார்கள். சீட்டில் இருந்தபடியே பூவலிங்கம் முகத்தைச் சுளித்தான்.

"என்ன மாமா இது, நாங்க கார்ல வந்திருக்கோம். நீங்க நடந்து வாறீங்களே. நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

முதலாளி என்னவோ சொல்ல வந்தார். முகூர்த்தம் முடிய அஞ்சே நிமிசம் என்று ஐயர் சொன்னதால் அதை விழுங்கிவிட்டார். மரத்தடியிலேயே தாலி ஏறியது.

கெட்டிமேளம் ஓய்ந்த பிறகுதான் சப்பாணிமுத்து முனகுவது கேட்டது. பின்மண்டையில் கொழுக்கட்டை அளவுக்கு வீக்கம். ஊர் கூடிவிட்டது.

"தேறுவானா நாட்டாமை?"

"எடுத்தோம் கவுத்தோம்னு சொல்லப்படாது" என்றார் கொம்பையா. "கெட்டுப்போனதை ஒரு பக்கம் வைங்க, நல்லா இருக்கதை ஒரு பக்கம் வைங்க. எது ஜாஸ்தின்னு பாப்போம்."

பலவேசம் ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு வந்தான். சப்பாணிமுத்து அவனைப் பார்த்தான், பையைப் பார்த்தான், எழுந்தான். அடுத்த மூச்சில் கண்மாய்க் கரையில் வேட்டி பறக்கப் போய்க்கொண்டிருந்தான்.

கொம்பையா நெற்றியில் கையை வைத்து, அவன் புள்ளியாகிற வரைக்கும் பார்த்தார்.

"ரிப்பேர் வேண்டாம்லே. வண்டி நல்லாத்தான் ஓடுது."